பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரோடு கல்யாணம்: புதுச்சேரி கான்சலேட் நேர்காணல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாண்டியிலும் கடலூரிலும் பிரான்ஸ் சம்பந்தம் பேசும் வீடுகளில் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். ஒருவர் இந்தியக் குடியுரிமை, மற்றவர் பிரெஞ்சுக் குடியுரிமை, கல்யாணம் இந்தியாவில் என்ற நிலைமைக்கு மட்டுமே இந்தப் பதில்கள் பொருந்தும். முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் கான்சலேட் (பிரெஞ்சுத் துணைத் தூதரகம்) தரும் சான்று, அப்புறம்தான் தாலி. கீழே வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை இந்த வரிசை மாறியதால் வந்தவை.

"இந்த இன்டர்வியூ விசாவுக்கா, கல்யாணத்துக்கா? ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. இது கல்யாணத்துக்கான நேர்காணல். பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 171-2ஆம் பிரிவுப்படி, பிரெஞ்சுக் குடிமகனோ குடிமகளோ வெளிநாட்டில் அந்த நாட்டு முறைப்படி மணம் செய்வதானால், அதற்கு முன்பே கான்சலேட்டிடம் 'திருமணத் தகுதிச் சான்று' வாங்க வேண்டும். அந்தச் சான்றுக்கு முன்னால் மணமக்கள் இருவரையும் அதிகாரி நேரில் கேட்டறிவார். பிரெஞ்சில் அதற்கு 'ஓதிசியோன்' என்று பெயர்.

மொத்த வரிசை இது: ஆவணங்களைக் கொடுப்பது, நேர்காணல், கல்யாண அறிவிப்பு ஒட்டுவது, தகுதிச் சான்று, இந்தியாவில் கல்யாணமும் பதிவும், அந்தக் கல்யாணத்தை பிரெஞ்சுப் பதிவேட்டில் பெயர்த்து எழுதுவது (பெயர்ப்புப் பதிவு), 'லிவ்ரே' எனப்படும் குடும்பப் புத்தகம், கடைசியில் விசா. விசா மையத்தில் காகிதமும் கைரேகையும் வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய இடம் கான்சலேட்.

"மாப்பிள்ளை பாரிஸ்ல பத்து வருஷ கார்டு வெச்சிருக்கார். அவர் பிரெஞ்சு சிட்டிசன்தானே?"

இல்லை. பத்து வருட அட்டை என்பது தங்கும் உரிமை; அவர் இன்னும் இந்தியரே. அவரைக் கட்டிக்கொள்கிற பெண்ணுக்குத் தகுதிச் சான்றும் கிடையாது, இந்த நேர்காணலும் கிடையாது. அவர் பிரான்ஸில் 'குடும்பச் சேர்க்கை' என்ற வேறு வழியில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வருமானம், வீட்டின் பரப்பளவு எல்லாம் பார்ப்பார்கள்.

"அவங்க அப்பா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்), அதனால பையனும் பிரெஞ்சுதான்" என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். 1962 ஆகஸ்ட் 16 அன்று, பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் விட்ட ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்திருந்தால்தான் பிரெஞ்சுக் குடியுரிமை நிலைத்தது. நிச்சயம் செய்வதற்கு முன்பே பையனின் பிரெஞ்சு அடையாள அட்டையையோ, நேஷனாலிட்டி சான்றிதழையோ பார்த்துவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. ஜாதகம் கேட்கிறோமே, அதைப்போலத்தான்.

"நாங்க கடலூர். சென்னைக்குப் போகணுமா, பாண்டிக்கா?"

கல்யாணம் எங்கே நடக்கிறதோ அந்த இடத்துக்குப் பொறுப்பான கான்சலேட். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே அலுவலகம்தான். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ரூ தெ லா மரீன் தெருவில் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் மண்டபம் என்றாலும் முதலியார்பேட்டையில் என்றாலும் இங்கேதான். முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நிற்காதீர்கள்.

"கான்சலேட்லயே கல்யாணம் பண்ணி வைப்பாங்களாமே?"

இரண்டு பேருமே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களாக இருந்தால் முடியும். ஒருவர் இந்தியர் என்றால் இந்தியாவில் அது நடக்காது. உள்ளூர்ச் சட்டப்படி மணம் செய்து பதிவு செய்ய வேண்டும்.

"மண்டபம் புக் பண்ணியாச்சு. எத்தனை நாள் முன்னாடி ஃபைல் கொடுக்கணும்?"

சட்டத்தில் உள்ள கணக்கு சின்னது. கல்யாண அறிவிப்பு 10 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். புதுச்சேரி கான்சலேட்டில் மட்டுமல்ல, பிரெஞ்சுத் தரப்பார் வசிக்கும் ஊரின் மேரியிலும், அதாவது நகராட்சியிலும் ஒட்ட வேண்டும். ஆனால் அதற்கு முன் ஆவணங்களைச் சரிபார்ப்பது, நேர்காணலுக்குத் தேதி கிடைப்பது, பையன் அங்கே லீவு போட்டு வருவது என்று மாதங்கள் ஓடும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்து விஷயம் பிரான்ஸில் உள்ள நாந்த் நகர அரசு வழக்கறிஞரிடம் போனால் அவருக்கு மட்டும் இரண்டு மாத அவகாசம் உண்டு.

தை மாதக் கல்யாணத்துக்கு ஆடி மாதமே ஃபைலைக் கொடுத்துவிடுவது நல்லது. எப்படியும் ஆடியில் வேறு கல்யாண வேலை இருக்காது. ரொம்ப முன்னாலும் போக வேண்டாம்: அறிவிப்புக் காலம் முடிந்து ஒரு வருடத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடி அறிவிப்பு ஒட்ட வேண்டியிருக்கும். எங்களைக் கேட்டால், சான்று கைக்கு வந்த பிறகு பத்திரிகை அடிப்பதுதான் புத்திசாலித்தனம். மண்டபக்காரரிடம் தேதியை மாற்றிக்கொள்ள இடம் வைத்து முன்பணம் கொடுங்கள்.

"என்னென்ன பேப்பர்? பத்தாவது மார்க் ஷீட் போதுமா பிறந்த தேதிக்கு?"

போதாது. மார்க் ஷீட், டி.சி., ஆதார் எதுவும் பிறப்புச் சான்றுக்கு ஈடாகாது. பிரெஞ்சுத் தரப்பார் தன் பிறப்புப் பதிவின் நகலை எடுக்க வேண்டும். அது எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. பிரான்ஸுக்கு வெளியே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்கு நாந்தில் உள்ள மையப் பதிவகம் அந்த நகலை இலவசமாகவே அனுப்பும். இந்தியத் தரப்பாருக்கு நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த பிறப்புச் சான்று வேண்டும். சட்டத்தில் அதற்கு ஆறு மாதக் கணக்கு ஒன்று இருக்கிறது, விலக்கும் இருக்கிறது; வாதாடுவதை விடப் புது நகல் எடுத்துவிடுவது சுலபம். இதோடு பாஸ்போர்ட், முகவரிச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, இருவரும் தனித்தனியே நிரப்பும் விவரப் படிவம். பிரெஞ்சில் இல்லாத காகிதங்களுக்கு கான்சலேட் ஏற்கிற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும். அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு வைக்கும் முத்திரைச் சான்று) எதற்குத் தேவை என்பது அவர்கள் தரும் பட்டியலில் இருக்கும். அதை வரி வரியாகப் படியுங்கள்.

கடலூர்ப் பக்கத்துக்காரர்கள் அடிக்கடி அலைவது இங்கேதான்: பிறந்தது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் என்றால் பதிவு கடலூரில் இருக்காது, உழவர்கரை நகராட்சியில் இருக்கும். வீட்டு முகவரி முக்கியமில்லை, பிரசவம் நடந்த இடம்தான் கணக்கு. பாகூர்ப் பக்கம் ஒரு கிராமம் புதுச்சேரி, அடுத்த கிராமம் தமிழ்நாடு என்று மாறி மாறி வருவதால் வீட்டில் நடந்த பிரசவங்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. பதிவே செய்யாமல் விட்டிருந்தால் தாமதப் பதிவுக்குக் கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு வாங்க வேண்டும். அதற்கே சில மாதம் ஆகலாம். பாண்டி அலுவலகங்களுக்கு ஆகஸ்ட் 16, நவம்பர் 1 விடுமுறை என்பதையும் மறக்காதீர்கள்.

"பையன் பேப்பர்ல ஸ்பெல்லிங் ஒரு மாதிரி, எங்க பேப்பர்ல வேற மாதிரி. இனிஷியல் வேற. பிரச்சனை ஆகுமா?"

பெயர் ஒலிப்பது ஒன்றுதான், எழுத்து வேறு. முருகன் என்ற பெயரில் உள்ள உகரத்தை பிரெஞ்சுப் பதிவு 'ஓ', 'யூ' என்ற இரண்டு எழுத்தால் எழுதும். ஆங்கிலப் பதிவு 'யூ' ஒன்றால் முடித்துவிடும். புதுச்சேரிக்காரரின் பெயர் இந்தப் பக்கம் வரும்போது நீளமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். பையனின் பிரெஞ்சுப் பதிவில் என்ன எழுத்து இருக்கிறதோ, அதே எழுத்து இந்தியத் திருமணப் பதிவிலும் வர வேண்டும். பதிவு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் தனக்குப் பழக்கமான எழுத்தில் அடித்துவிடுவார். கையெழுத்துப் போடும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

இனிஷியல் பிரெஞ்சுப் பதிவுக்குப் புரியாது. அவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றும், சொந்தப் பெயர் என்று ஒன்றும் வேண்டும். பெண்ணின் பாஸ்போர்ட்டில் இவை எப்படிப் பிரித்திருக்கின்றன என்று பார்த்து, எல்லாப் படிவத்திலும் அதையே எழுதுங்கள். பிறப்புச் சான்றில் 'லட்சுமி', பாஸ்போர்ட்டில் 'மகாலட்சுமி' என்ற அளவுக்கு வித்தியாசம் இருந்தால் பிரமாணப் பத்திரத்தோடு நிறுத்தாமல் ஆவணத்தையே திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் இதே கேள்வி பெயர்ப்புப் பதிவிலும் விசாவிலும் மறுபடி மறுபடி வரும்.

"பையன் லியோன்ல இருக்கான். இன்டர்வியூவுக்காக மட்டும் வரணுமா?"

கட்டாயமில்லை. 171-3ஆம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. புதுச்சேரி கான்சலேட் கேட்டுக்கொண்டால் அவர் வசிக்கும் ஊரின் மேரியே அவரைக் கேட்டறிந்து அறிக்கையை அனுப்பும். பெண்ணை இங்கே கேட்பார்கள். இப்படி நடந்தால் இருவரின் பதில்களும் இரண்டு காகிதத்தில் தனித்தனியே இருக்கும், பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கல்யாணத்துக்கு மட்டும் அவர் நேரில் வந்தே ஆக வேண்டும். 146-1ஆம் பிரிவு அதைக் கண்டிப்பாகச் சொல்கிறது. வீடியோ காலில் தாலி கட்டியதாகக் கணக்குக் காட்ட முடியாது.

"பெத்தவங்க உள்ள வரலாமா? பொண்ணுக்குப் பேச வராது."

வர முடியாது. மணமக்கள் இருவரையும் சேர்த்தோ, தேவைப்பட்டால் தனித்தனியாகவோ கேட்பார்கள். பெண் சொந்த விருப்பத்தோடு சம்மதிக்கிறாளா என்று பார்ப்பதே இதன் முக்கிய நோக்கம். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. கட்டாயத்தின் பேரில் நடக்கிற கல்யாணம் என்றால் பெண் அதைச் சொல்வதற்கான இடமும் அந்த அறைதான். ஏமாற்றி வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டாயக் கல்யாணம் செய்ய முயல்வது பிரெஞ்சுச் சட்டத்தில் மூன்று வருடச் சிறை வரை போகும் குற்றம்.

பேச வராத பெண் என்பது இங்கே குறையாகாது. சுருக்கமாக, தெரிந்ததைச் சொன்னால் போதும். பிரெஞ்சு தெரியாது என்றால் ஃபைல் கொடுக்கும்போதே எழுத்தில் தெரிவித்து, தமிழில் பேச ஏற்பாடு கேளுங்கள். பாதி புரிந்த பிரெஞ்சில் 'வி, வி' என்று தலையாட்டுவதைப் போல ஆபத்து வேறில்லை.

"என்னதான் கேப்பாங்க?"

எப்படி அறிமுகம், யார் மூலம் சம்பந்தம் வந்தது, முதலில் எங்கே பார்த்தீர்கள், எத்தனை முறை நேரில் சந்தித்தீர்கள், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள், அவர் என்ன வேலை பார்க்கிறார், எந்த ஊரில் எப்படிப்பட்ட வீடு, யார் யார் கூட இருக்கிறார்கள், பெற்றோர் உடன்பிறந்தோர் பெயர், படிப்பு, முன்பு கல்யாணம் ஆனதுண்டா, குழந்தை உண்டா, கல்யாணம் எங்கே எந்த முறைப்படி, அதன் பிறகு எங்கே குடித்தனம். கல்யாணச் செலவு யாருடையது, பணம் நகை ஏதும் கைமாறியதா என்றும் வரலாம்.

மனப்பாடம் செய்து போகாதீர்கள். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே சொல்லில் சொல்வதுதான் அதிகாரியின் கண்ணில் முதலில் உறுத்தும். அதற்குப் பதில் ஒரு மாலை உட்கார்ந்து, நிஜமாகவே ஒருவர் குடும்பத்தைப் பற்றி ஒருவர் பேசிக்கொள்ளுங்கள்: அவர் காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், மெட்ரோவிலா காரிலா, அவள் நர்சிங் படித்தது எந்த ஊரில். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள்.

"பாத்துப் பேசி முடிச்ச கல்யாணம். மூணு வாட்டிதான் பாத்திருக்காங்க. லவ் மேரேஜ்னு சொல்லிட்டா சுலபமா?"

இந்த யோசனையைச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணம் பிரெஞ்சுச் சட்டத்தில் தடையில்லை. சட்டம் பார்ப்பது 146ஆம் பிரிவின் ஒற்றை வரி: சம்மதம் இல்லையேல் கல்யாணம் இல்லை. தரகர் மூலம் வந்தது, வில்லியனூர்க் கோயிலில் பெண் பார்த்தார்கள், ஜாதகம் பொருந்தியது, பிறகு தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோம் என்று உள்ளதைச் சொன்னால் அது முழுமையான பதில். இல்லாத காதல் கதையைக் கட்டினால் மூன்றாவது கேள்வியிலேயே அது அவிழ்ந்துவிடும். பிறகு மற்ற உண்மையான பதில்களையும் நம்ப மாட்டார்கள்.

"ரெண்டு பேரும் வேற வேற பதில் சொல்லிட்டா முடிஞ்சுதா?"

சின்ன வித்தியாசத்துக்கு யாரும் ஃபைலை மூடுவதில்லை. ஆனால் நம் பேச்சுவழக்கே பொய் மாதிரி தோன்றுகிற இடங்கள் சில இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது உறவுச் சொல். பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்றுதான் சொல்வோம். "எனக்கு மூணு அண்ணன்" என்று பெண் சொல்ல, அதிகாரி மூன்று சகோதரர் என்று எழுதிக்கொள்வார். பையன் "அவளுக்கு ஒரே அண்ணன்" என்பார். இருவர் சொன்னதும் உண்மை, காகிதத்தில் முரண். கூடப் பிறந்தவர் யார், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் யார் என்று பிரித்துச் சொல்லுங்கள். 'மாமா' இன்னும் மோசம்: அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், மாமனார் மூவரும் அதற்குள் அடக்கம். இரண்டாவது தேதி. ஒருவர் "ஆவணி கடைசி" என்பார், மற்றவர் "செப்டம்பர்" என்பார். பெண் பார்த்த நாள், நிச்சய நாள் இரண்டையும் ஆங்கிலத் தேதியில் இருவரும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, வீட்டில் கூப்பிடும் பெயர். பையனின் அம்மாவை 'செல்வி அத்தை' என்றே அறிந்த பெண்ணுக்கு, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் தெரியாமல் இருக்கும்.

முடிவில் நீங்கள் சொன்னதை எழுத்தில் வைத்துக் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். தமிழில் படித்துச் சொல்லக் கேளுங்கள், தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு 'நான் சொன்னது அது இல்லை' என்பது எடுபடுவது கடினம்.

"போட்டோ, சாட் எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டுப் போகலாமா?"

கொஞ்சம் போதும். பெண் பார்த்தபோது, நிச்சயத்தின்போது எடுத்த படங்கள் பத்து, பின்னால் தேதியும் இருப்பவர் பெயரும் எழுதி. பயணச்சீட்டு, பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரைப் பக்கம். முந்நூறு பக்க வாட்ஸ்அப்பை யாரும் படிக்கப்போவதில்லை. கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைக்கும் நிலைக்கும் தயாராக இருங்கள்; பிரான்ஸ் முகவரி, தொலைபேசி எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.

கடலூரிலிருந்து வருபவர்கள் அரியாங்குப்பம், முதலியார்பேட்டை நெரிசலுக்கு இடம்விட்டுக் கிளம்புங்கள். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை என்று ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் வியர்த்து விறுவிறுத்துத்தான் போய்ச் சேருவீர்கள்.

"நிச்சயதார்த்தம் ஆயிடுச்சு. அதையே கல்யாணம்னு எடுத்துக்குவாங்களா?"

நிச்சயதார்த்தம் கல்யாணம் ஆகாது. ஆனால் மாலை மாற்றிய படம் சங்கடம் தரும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தை ஏற்கிறது. உறவினர் முன்னிலையில் இருவரும் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலே அது கல்யாணம். நிச்சயத்தில் மோதிரம் மாற்றுவது அந்த எண்ணத்தில் செய்யப்படுவதில்லைதான். இருந்தாலும் 'இது நிச்சயம், கல்யாணத் தேதி இன்னது' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேச்சுவாக்கில் 'எங்க வீட்டுக்காரர்' என்ற சொல் வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"விசா சீக்கிரம் வரட்டும்னு இப்ப ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிடுறோம். தாலி தை மாசம். சரிதானே?"

சரியில்லை. மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். இந்து திருமணச் சட்டத்தில் கல்யாணத்தை உண்டாக்குவது சடங்கு. பதிவு அதற்குச் சாட்சி மட்டுமே. சடங்கே நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்று கல்யாணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தச் சான்றில் ஏதோ ஒரு தேதி, ஏதோ ஒரு கோயில் பெயர் இருக்கும்; தை மாதப் பத்திரிகையில் வேறு தேதி இருக்கும். கேட்டால் எதைச் சொல்வீர்கள்?

தலைகீழ்த் தவறும் உண்டு. 'கோயிலில் தாலி கட்டிவிடலாம், பதிவைச் சான்று வந்த பிறகு செய்யலாம்' என்பார்கள். பதிவுச் சான்றில் திருமண நாள் என்று வருவது தாலி கட்டிய நாள்தான். ஆகவே அது தகுதிச் சான்றுக்கு முந்தைய கல்யாணம் ஆகிவிடும். சடங்கு இல்லாமல் சட்டக் கல்யாணம் வேண்டும் என்பவர்களுக்கு 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், பிறகு அறிவிப்புக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும். பையனின் லீவுக் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் இடிக்கும். பெண்ணின் வசிப்பைக் காட்டி முன்பே அறிவிப்புக் கொடுத்து வைக்கலாமா என்று பதிவாளரிடம் விசாரியுங்கள். எந்த முறையானாலும் தமிழ்நாட்டில் நடந்த கல்யாணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். அபராதத்தோடு மேலும் 60 நாள் கிடைக்கும்.

"தெரியாம தாலி கட்டிட்டோம். சான்று வாங்கல. இனிமே வழியே இல்லையா?"

இருக்கிறது, நேரம் பிடிக்கும். 171-7ஆம் பிரிவின்படி, சான்று இல்லாமல் நடந்த கல்யாணத்தைப் பெயர்த்து எழுதும் முன் கணவன் மனைவி இருவரையும் கேட்டறிவார்கள். கேள்விகள் மேலே சொன்னவையே, தொனி இன்னும் உன்னிப்பாக இருக்கும். சந்தேகம் வந்தால் நாந்துக்கு அனுப்புவார்கள். அங்கே அரசு வழக்கறிஞருக்கு இரண்டு மாதம் இல்லை, ஆறு மாத அவகாசம். ஆறு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால் நீங்கள் நாந்த் நீதிமன்றத்தை நாடலாம். அதற்கு அங்கே வழக்கறிஞர் வேண்டும்.

தேதியை மாற்றி 'இன்னும் கல்யாணம் ஆகவில்லை' என்று ஃபைல் போட நினைக்காதீர்கள். முகநூலில் யாரோ ஒரு சித்தப்பா படம் போட்டிருப்பார்.

"நாந்துல இருந்து லெட்டர் வந்திருக்கு. ரிஜெக்ட்டா?"

கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விஷயம் நாந்த் அரசு வழக்கறிஞர் பார்வைக்குப் போயிருக்கிறது என்றால் அது காத்திருப்பு மட்டுமே. 'எதிர்ப்பு' என்று இருந்தால் காரணமும் எழுதப்பட்டிருக்கும். அதை நீக்க நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். எதிர்ப்பு இருக்கும்போதே இங்கே தாலி கட்டினால், அது நீங்கும் வரை பெயர்ப்புப் பதிவு நடக்காது.

"அக்கா பொண்ணைத்தான் கட்டிக்கப் போறேன். எங்க வழக்கம் இது. நான் பிரெஞ்சு சிட்டிசன்."

இங்கே பலருக்கும் அதிர்ச்சி தரும் பதில் இது. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவதை இந்தியச் சட்டம் வழக்கத்தின் பேரில் அனுமதிக்கிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 163ஆம் பிரிவு தாய்மாமன், உடன்பிறந்தாள் மகள் கல்யாணத்தைத் தடை செய்கிறது. 164ஆம் பிரிவின்படி தக்க காரணம் இருந்தால் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மட்டுமே அந்தத் தடையை விலக்க முடியும். விலக்கு இல்லாமல் நடந்த கல்யாணம் அங்கே செல்லாததாக அறிவிக்கப்படலாம். நிச்சயத்துக்கு முன்பே ஒரு பிரெஞ்சு வழக்கறிஞரைப் பாருங்கள். உறவை மறைத்தால் உடன்பிறந்தோர் பெயர் கேட்கும்போதே வெளியே வந்துவிடும்.

அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்கு அந்தத் தடை இல்லை. நேர்காணலில் உறவை அப்படியே சொல்லலாம்.

"இது எனக்கு ரெண்டாவது கல்யாணம். கடலூர் கோர்ட்ல டைவர்ஸ் ஆயிடுச்சு."

விவாகரத்தானவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் என்றால் கடலூர்த் தீர்ப்பு மட்டும் போதாது. அதை பிரான்ஸில் செல்லத்தக்கது என்று அரசு வழக்கறிஞர் சரிபார்த்து, பழைய பிரெஞ்சுத் திருமணப் பதிவில் குறிப்பு எழுத வேண்டும். முதல் கல்யாணம் வெளிநாட்டில் நடந்ததென்றால் இதுவும் நாந்த் வழியாகத்தான். தீர்ப்போடு, மேல்முறையீடு இல்லை என்ற சான்றும் கேட்பார்கள். இதை முடிக்காமல் தகுதிச் சான்றுக்கு ஃபைல் போடுவது வீண். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிய 'தீர்த்து விட்ட' பத்திரத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது.

"தாத்தா ரெனோன்சான். எங்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்துமா?"

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களும் அவர்கள் வழியினரும்தான் ரெனோன்சான்கள். புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே மற்றவர்கள் போகும் பதிவு வழியில் போனால் பின்னால் சிக்கல் வரலாம். தாத்தாவின் துறவுப் பத்திரம் வீட்டில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, எந்தப் பதிவேட்டில் கல்யாணம் எழுதப்பட வேண்டும் என்று புதுச்சேரியில் இதில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.

"அஞ்சு லட்சம் கொடுத்தா பிரான்ஸ் மாப்பிள்ளை ஏற்பாடு பண்றாங்களாம். அப்புறம் பிரிஞ்சுக்கலாமாம்."

குடியிருப்பு உரிமைக்காகவோ குடியுரிமைக்காகவோ மட்டும் கல்யாணம் செய்வதற்கு பிரெஞ்சுச் சட்டத்தில் ஐந்து வருடச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் உண்டு. ஏற்பாடு செய்பவருக்கும் தண்டனை உண்டு. கல்யாணமும் ரத்தாகும், கொடுத்த பணமும் திரும்பாது.

"சான்று வந்தது, கல்யாணமும் ஆச்சு. இனி விசாவுக்கும் இப்படி உக்கார வெச்சு கேப்பாங்களா?"

வரிசை சரியாக இருந்தால் பெரும்பாலும் இல்லை. திருமணப் பதிவுச் சான்றோடு பெயர்ப்புப் பதிவுக்கு எழுதுங்கள்; புதிதாக ஏதாவது சந்தேகம் கிளம்பினால்தான் மறுபடி நேர்காணல். லிவ்ரே கைக்கு வந்ததும் இரண்டு பெயர், இரண்டு பிறந்த தேதி, கல்யாண ஊர் எல்லாவற்றையும் கவுன்டரை விட்டு நகரும் முன் படித்துப் பாருங்கள். அடுத்து பிரான்ஸ்-விசா தளத்தில் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பம். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கோ கணவருக்கோ விசாக் கட்டணம் இல்லை. மோசடி, கல்யாணம் ரத்து, பொது அமைதிக்கு ஆபத்து என்ற காரணங்களுக்காகத்தான் மறுக்க முடியும். மறுத்தால் முறையீடு செய்ய 30 நாள். போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிசெய்ய மறந்தால், இவ்வளவு பாடுபட்டதும் வீணாகி அங்கே அனுமதியில்லாமல் தங்கியவர் ஆகிவிடுவீர்கள்.

"கட்டிக்கிட்டதும் நேஷனாலிட்டி வந்துடும்தானே? பொண்ணு பேர்ல இருக்கற நிலம் என்ன ஆகும்?"

தானாக வராது. கல்யாணமாகி நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு விண்ணப்பிக்கலாம். பிரான்ஸில் தொடர்ந்து மூன்று வருடம் வசிக்காமல் இருந்து, பிரெஞ்சுத் துணைவர் வெளிநாட்டில் வசித்த காலத்தில் கான்சலேட் பதிவேட்டில் பெயர் சேர்க்காமலும் விட்டிருந்தால், ஐந்து வருடம். மொழித் தேர்வும் உண்டு. 2026 ஜனவரி முதல் அது பி2 நிலை, அதாவது தாராளமாகப் பேசவும் எழுதவும் தெரிய வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கும் நாளில் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும், பிறகு ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) வாங்கலாம்.

நிலத்தைப் பொறுத்தவரை, தனி ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் மணந்து முதல் குடித்தனத்தை பிரான்ஸில் தொடங்கினால் அந்நாட்டுக் கூட்டுச் சொத்து முறை பொருந்தும். கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது இருவருக்கும் பொது. கல்யாணத்துக்கு முன்பே பெண் பேரில் இருந்த நெல்லிக்குப்பத்து நிலமும், பின்னால் அப்பா வழியில் வாரிசாக வருவதும் அவளுடையதாகவே இருக்கும். வேறு ஏற்பாடு வேண்டுமென்றால் தாலிக்கு முன்பே, நொத்தேர் எனப்படும் பிரெஞ்சுப் பத்திர அதிகாரி முன்னால் எழுதிவிடுங்கள்.